75,000 ரூபாய்க்குத் தையல் மெஷின்: கடைக்குப் போவதா, ஒன்லைனில் எடுப்பதா?

வெள்ளைத்துணி (கொட்டாஞ்சேனை)

எல்லோருக்கும் வணக்கம். ஒரு தையல் மெஷின் வாங்க வேண்டும். கையில் 75,000 ரூபாய் இருக்கிறது. அதற்கு மேல் போக வழியில்லை. அம்மாவின் பழைய கறுப்புக் கால் மெஷினில்தான் தையல் பழகினேன். அதை அக்கா மன்னாருக்குக் கொண்டுபோய்விட்டாள். இப்போது இரண்டு பிள்ளைகளுக்கும் பள்ளிக்கூடச் சீருடைத் துணி கிடைத்திருக்கிறது. துணி இலவசம், தையற்கூலிதான் தாங்க முடியவில்லை. அக்கம்பக்கத்தில் சாரி பிளவுஸ் தைத்துத் தரச் சொல்லியும் கேட்கிறார்கள்.

பார்த்து வைத்திருப்பது நேர்த்தையலோடு சிக்சாக்கும் (வளைந்து வளைந்து போகும் தையல்) அடிக்கிற சாதாரண மின்சார மெஷின். புறக்கோட்டையில் ஒரு கடையில் 71,500 சொன்னார்கள். அதே மொடல் நம்பர் ஒன்லைனில் 62,900, வீட்டு வாசலுக்கே வரும். கணவர் ஒன்லைனில் எடு என்கிறார். அம்மாவோ, "ஓட்டிப் பார்க்காமல் யாராவது மெஷின் வாங்குவார்களா?" என்று கேட்கிறார். இரண்டு பேர் சொல்வதும் எனக்குச் சரியாகப் படுகிறது. வாங்கி அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

கடலோரம் (தெஹிவளை)

தங்கச்சி, யோசிக்காமல் ஒன்லைனில் எடுங்கள். நான் எடுத்து இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிறது. திரைச்சீலை, தலையணை உறை, மகளின் சட்டைகள் என்று எல்லாம் அதில்தான். ஒரு தடவைகூடப் பழுது பார்க்கக் கொடுக்கவில்லை.

8,600 ரூபாய் வித்தியாசம் சின்னக் காசில்லை. நல்ல கத்தரிக்கோல், ஊசிப் பெட்டிகள், நூல்கள், அளவு நாடா எல்லாம் வாங்கி மிச்சமும் வரும். நானும் முதலில் காலி வீதியில் இரண்டு கடைகள் ஏறி இறங்கினேன். பிரிட்ஜ், டிவி, வாஷிங் மெஷின் வரிசைக்குப் பின்னால் மூலையில் மூன்று தையல் மெஷின்கள். அங்கே நின்ற பிள்ளைக்கு ஊசி எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பதே தெரியவில்லை. "இது நல்லது அன்ரி, இதைத்தான் எல்லோரும் வாங்குகிறார்கள்" என்பதற்கு மேல் ஒரு சொல் இல்லை. ஒன்லைனில் அதே மொடலை வாங்கினவர்கள் எழுதின கருத்துகளை ஒரு கிழமை வாசித்தேன். ஜீன்ஸ் துணியில் எப்படிப் போகிறது, பொபின் (அடிநூல் சுற்றி வைக்கும் சின்ன உருளை) எப்படி மாட்டுவது என்று வீடியோக்கள் பார்த்தேன். கடையில் கிடைக்காத விளக்கம் எனக்கு வீட்டில் இருந்தபடி கிடைத்தது.

பழைய டெய்லர் (புறக்கோட்டை)

இரண்டாம் குறுக்குத் தெருவுக்குப் பக்கத்தில் நாற்பது வருடம் தைத்தவன் நான். கடலோரம் அக்கா சொல்வதை அப்படியே ஏற்க மாட்டேன்.

பிரிட்ஜ் வாங்குவது வேறு, தையல் மெஷின் வாங்குவது வேறு. பிரிட்ஜைச் செருகினால் குளிரும், அவ்வளவுதான். மெஷினில் ஊசி இறங்கி ஏறும் அந்த நொடியில் அடியில் சுற்றுகிற ஷட்டிலின் கூர் வந்து நூலைப் பிடிக்க வேண்டும். ஊசி அடியிலிருந்து இரண்டு மில்லிமீற்றர் அளவு மேலே எழும்பும்போது கூர் ஊசிக் கண்ணுக்குச் சற்று மேலே வந்து நிற்க வேண்டும். அதில் ஒரு மயிரிழை பிசகினாலும் தையல் விட்டுவிட்டு விழும். ஒரே தொழிற்சாலையில், ஒரே நாளில் செய்த இரண்டு மெஷின்கள் ஒரே மாதிரி ஓடாது. படத்தையும் கருத்தையும் பார்த்து அதை எப்படி அறிவது?

கடைக்குப் போகும்போது உங்கள் துணித்துண்டையே கொண்டுபோங்கள். சீருடை வெள்ளைத்துணி ஒரு துண்டு, பழைய ஜீன்ஸ் கால் ஒரு துண்டு, பிளவுஸ் துணி ஒரு துண்டு. மேலே சிவப்பு நூல், பொபினில் வெள்ளை நூல் போடச் சொல்லுங்கள். இரண்டு மடிப்பில் ஒரு முழம் அடித்துத் திருப்பிப் பாருங்கள். அடிப்பக்கம் சிவப்பு வளையம் வளையமாகத் தெரிந்தால் மேல் டென்ஷன், அதாவது மேல்நூலின் இறுக்கம், சரியில்லை, அல்லது நூல் கோத்த விதம் பிழை. பிறகு சிக்சாக்கை முழு அகலத்தில் வைத்து வீலைக் கையால் சுற்றுங்கள். ஊசி இரண்டு பக்கமும் எங்கும் தட்டாமல் போக வேண்டும். கடைசியில் ஜீன்ஸை நான்காக மடித்து, பெடலை மெல்ல மிதித்து ஓட்டிப் பாருங்கள். வேகமாக எல்லா மெஷினும் ஓடும். மெதுவாக ஓடும்போதுதான் மோட்டரின் பலம் தெரியும். பத்து நிமிட வேலை இது. அந்தப் பத்து நிமிடத்துக்கு 8,600 ரூபாய் கொடுக்கலாம் என்பது என் எண்ணம்.

கடலோரம் (தெஹிவளை)

ஐயா, நீங்கள் சொல்கிற பத்து நிமிடத்தை எந்தக் கடை தருகிறது? உங்களுக்குத் தருவார்கள். நாற்பது வருடம் அந்தத் தெருவில் இருந்தவர், முகம் தெரியும். நான் கேட்டபோது, "காட்சிக்கு வைத்ததை ஓட்டிப் பாருங்கள், உங்களுக்குத் தருவது சீல் உடைக்காத பெட்டி" என்றார்கள். ஓட்டிப் பார்த்த மெஷின் ஒன்று, வீட்டுக்கு வருகிற மெஷின் வேறொன்று. இரண்டு மெஷின்கள் ஒரே மாதிரி ஓடாது என்று நீங்களே சொல்கிறீர்கள். அப்படியென்றால் கடையில் வாங்கினாலும் குருட்டு யோகம்தானே?

பழைய டெய்லர் (புறக்கோட்டை)

நியாயமான கேள்வி. பெட்டியை அங்கேயே பிரித்து, அந்த மெஷினையே ஓட்டிக் காட்டச் சொல்லிக் கேட்க வேண்டும். மாட்டோம் என்றால் அடுத்த கடை. புறக்கோட்டையில் கடைக்குப் பஞ்சமா? பெரிய காட்சியறைகளில் தயங்குவார்கள் என்பது உண்மைதான். மெஷினும் உதிரிப்பாகமும் மட்டும் விற்கிற சின்னக் கடைகளில் பிரித்து, எண்ணெய் விட்டு, ஓட்டிக் காட்டித்தான் கொடுப்பார்கள்.

மருதானை பாஸ் (மருதானை)

மெஷின் திருத்துவது என் தொழில். இருபது வருடமாகச் செய்கிறேன். இரண்டு பக்கமும் உண்மை இருக்கிறது. ஆனால் முக்கியமான ஒன்றை இரண்டு பேருமே இன்னும் சொல்லவில்லை. மெஷினை எங்கே வாங்கினீர்கள் என்று நான் யாரிடமும் கேட்பதில்லை. பொபின் என்ன, ஷட்டில் என்ன, உள்ளே பல்சக்கரம் இரும்பா பிளாஸ்டிக்கா என்றுதான் பார்ப்பேன். அதை வைத்துத்தான் அந்த மெஷினின் ஆயுள்.

விளக்கமாகச் சொல்கிறேன். வீட்டு மெஷின்களில் ஊசி பெரும்பாலும் ஒரே வகை. 11, 14, 16 என்று எந்த நம்பரும் புறக்கோட்டையில் எடுக்கலாம். பொபின் அப்படியில்லை. கிளாஸ் 15 என்கிற வகை எங்கும் கிடைக்கும். உங்கள் அம்மாவின் கறுப்பு மெஷினிலும் அநேகமாக அதுதான் இருந்திருக்கும். கிளாஸ் 66 கொஞ்சம் குறைவு. சில கம்பனிகள் தங்கள் மெஷினுக்கு மட்டும் பொருந்துகிற மாதிரி அளவை மாற்றி வைத்திருக்கின்றன. பார்க்க ஒன்றுபோல இருக்கும், உயரத்தில் சிறு வித்தியாசம். மாற்றிப் போட்டால் நூல் சிக்கும், நாளாக நாளாகப் பொபின் உட்காரும் கேஸ் தேயும். பெயரே கேள்விப்படாத மெஷின் ஒன்றை ஒன்லைனில் மலிவாக வாங்கிக்கொண்டு, ஷட்டில் உடைந்து என்னிடம் வருகிறவர்களுக்கு நான் என்ன செய்வது? திருத்தத் தெரியும், போடுவதற்குச் சாமான் இல்லை. நல்ல மோட்டர், நல்ல உடம்பு, அப்படியே திருப்பி அனுப்புகிறேன். மனசுக்குக் கஷ்டமாக இருக்கும்.

இன்னொன்று. கையில் பிடித்துத் தைக்கிற சின்ன மெஷின் என்று ஸ்டேப்ளர் மாதிரி ஒன்று ஒன்லைனில் நிறைய விற்கிறார்கள். தயவுசெய்து அதை வாங்க வேண்டாம். அதில் பொபினே கிடையாது. ஒற்றை நூலில் சங்கிலித் தையல் போடும். நுனியை முடிச்சுப் போடாமல் விட்டு ஒரு இழுப்பு இழுத்தால் முழுத் தையலும் பிரிந்து கையோடு வரும். சீருடைக்கு அது உதவவே உதவாது.

வெள்ளைத்துணி தங்கச்சிக்கு ஒரு குறிப்பு. நீங்கள் கறுப்பு மெஷினில் பழகியவர். அதில் ஊசியின் தட்டைப் பக்கம் பக்கவாட்டில் நிற்கும், நூலையும் பக்கவாட்டில்தான் கோப்பீர்கள். புது சிக்சாக் மெஷின்களில் தட்டைப் பக்கம் பின்னால் போக வேண்டும், நூல் முன்னிருந்து பின்னுக்குப் போகும். பழைய பழக்கத்தில் போட்டால் ஒரு தையலும் விழாது. அப்புறம், நூல் கோக்கும்போது துணியை அழுத்திப் பிடிக்கிற பாதத்தைத் தூக்கி வையுங்கள். இறக்கி வைத்துக் கோத்தால் டென்ஷன் தட்டுகளுக்கு இடையில் நூல் போகாது. "புது மெஷின் பழுது" என்று என்னிடம் வருபவற்றில் பல இந்த இரண்டு காரணமும்தான். நான் காசு வாங்குவதில்லை, காட்டிக் கொடுத்து அனுப்புகிறேன்.

மூன்று பிள்ளைகளின் உம்மா (தெமட்டகொடை)

நான் வீட்டில் அபாயா தைத்து விற்கிறேன். இரண்டு விதமாகவும் வாங்கி, இரண்டிலும் அடிபட்டிருக்கிறேன்.

முதலில் ஒரு விளம்பரம் பார்த்து, ஜப்பானில் பாவித்த மெஷின் ஒன்றை வாங்கினேன். பார்க்க அவ்வளவு அழகு. உள்ளே எல்லாம் இரும்பு, சத்தமே இல்லை. விற்றவர் கொரியரில் அனுப்பினார். வந்த அன்று இரவே செருகினேன். இரண்டு நிமிடத்தில் ஒரு வாசனை, பிறகு புகை. ஜப்பானில் மின்சாரம் 100 வோல்ட், நமக்கு 230. ட்ரான்ஸ்போமர் போட வேண்டும் என்று ஒரு வார்த்தை அவர் சொல்லவில்லை. மெஷினுக்குப் பின்னால் சின்ன எழுத்தில் இருந்ததை நானும் பார்க்கவில்லை. தொலைபேசியில் கேட்டால், "நல்ல நிலையில்தான் அனுப்பினேன்" என்று வைத்துவிட்டார். சேர்த்து வைத்த காசு. அன்றைக்கு அழுதது இன்னும் நினைவிருக்கிறது.

சரி, இனிமேல் பெரிய கடை என்று முடிவெடுத்து, தவணைக்கு ஒன்று எடுத்தேன். ஓட்டிப் பார்த்தேன், வொரண்டி அட்டை வாங்கினேன், எல்லாம் முறைப்படி. எட்டாவது மாதம் பெடல் பழுது. வொரண்டி இருக்கிறது என்று கொண்டுபோய்க் கொடுத்தேன். சாமான் வரவில்லை, சாமான் வரவில்லை என்று ஐந்து கிழமை வைத்திருந்தார்கள். அது நோன்பு மாதம். வருடத்தில் எனக்கு உழைப்பு வருகிற மாதம் அது ஒன்றுதான். பதினேழு அபாயாவுக்கு ஓடர் எடுத்திருந்தேன். அக்கம்பக்கத்தில் ஒரு மெஷின் இரவல் வாங்கி, இரவிரவாகத் தைத்து ஒன்பதை மட்டும் கொடுக்க முடிந்தது.

அதனால் கடையா ஒன்லைனா என்று கேட்டால் என் பதில் இதுதான்: பழுதானால் அடுத்த நாள் யாரிடம் போவீர்கள்? அதை முதலில் தேடிப் பிடியுங்கள், மெஷினைப் பிறகு வாங்குங்கள். இப்போது என் மெஷினைப் பார்க்கிறவர் பஞ்சிகாவத்தையில் இருக்கிற ஒரு நானா. கூப்பிட்டால் அன்றைக்கே வருவார்.

மருதானை பாஸ் (மருதானை)

உம்மா சொன்ன 100 வோல்ட் விஷயத்தை எல்லோரும் கவனியுங்கள். வெளிநாட்டிலிருந்து உறவினர் அனுப்பும் மெஷினுக்கும் இது பொருந்தும். அமெரிக்கா, கனடா என்றால் 120 வோல்ட். 50 ஹெர்ட்ஸ், 60 ஹெர்ட்ஸ் வித்தியாசத்தால் சாதாரண கார்பன் பிரஷ் மோட்டருக்கு ஒன்றும் ஆகாது. வோல்ட்தான் ஆளைக் கொல்லும். கணினிப் பலகை உள்ள மெஷின் என்றால் பலகையே போய்விடும், மோட்டரை மாற்றித் தப்ப முடியாது. ஒன்லைனில் வாங்கினாலும் கடையில் வாங்கினாலும் மெஷினின் தகட்டில் 220 முதல் 240 என்று இருக்கிறதா என்பதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் செருக வேண்டும்.

ஹட்டன் பிள்ளை (வத்தளை)

எல்லோரும் கொழும்பில் இருந்துகொண்டு புறக்கோட்டையைப் பற்றிப் பேசுகிறீர்கள். என் வீடு ஹட்டனுக்கு உள்ளே ஒரு தோட்டம். நான் வத்தளையில் வேலை செய்கிறேன். போன வருடம் அம்மாவுக்கு ஒரு மெஷின் எடுக்க நினைத்தேன். டவுனில் நான் போன கடைகளில் இரண்டே மொடல்தான். இரண்டும் கொழும்பு விலையைவிடக் கூட. கொழும்பில் வாங்கினால் அந்தப் பாரத்தைத் தூக்கிக்கொண்டு கோட்டையில் ரயில் ஏறி, இறங்கி, பிறகு பஸ், பிறகு நடை. ஒன்லைனில் போட்டேன். ஐந்தாவது நாள் டவுனில் தம்பி போய் எடுத்துக்கொண்டான். பெட்டியின் ஒரு மூலை நசுங்கியிருந்தது, மெஷினுக்கு ஒன்றும் இல்லை. எங்களைப் போன்றவர்களுக்கு ஒன்லைன் வந்த பிறகுதான் கொழும்பு விலைக்குச் சாமான் கிடைக்கிறது. அது சின்ன விஷயமில்லை.

ஆனால் டெய்லர் ஐயா சொல்வதிலும் ஒன்று இருக்கிறது. அம்மா புது மெஷினைப் பிளவுஸுக்கு மட்டும்தான் எடுக்கிறார். மற்ற எல்லாவற்றுக்கும் பழைய கால் மெஷின்தான். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்தோமே, அந்த நாட்களில் எங்கள் லயத்தில் தையல் நிற்காமல் நடந்தது அந்தக் கால் மெஷினால்தான். புது மெஷினைக் கால் மேசையில் பூட்ட முடியுமா என்று கேட்டேன், முடியாது என்றார்கள்.

மருதானை பாஸ் (மருதானை)

முடியாது தம்பி. கறுப்பு மெஷினில் வீல் வெளியே நிற்கும், பெல்ட் ஓடப் பள்ளமும் இருக்கும். பிளாஸ்டிக் உடம்பு மெஷின்களில் மோட்டரும் பெல்ட்டும் உள்ளே அடைபட்டு இருக்கும். கரண்ட் போனால் வீலைக் கையால் சுற்றி ஒரு தையலை முடிக்கலாம், அவ்வளவுதான். கறுப்பு மெஷினுக்கோ பக்கத்தில் சின்ன மோட்டர் பூட்டலாம், கழற்றினால் மறுபடியும் கால் மெஷின். நேர்த்தையல் மட்டும் போதும் என்றால் அதற்கு ஈடில்லை. ஒரே கவனம், மெஷின் எண்ணெயே விட வேண்டும். தேங்காய் எண்ணெய் விட்டு இறுகிப்போன மெஷின்கள் மாதம் ஒன்றாவது வரும். பிசின் மாதிரி உறைந்து வீலே அசையாது.

கடலோரம் அக்கா, உங்களுக்கும் ஒன்று. தெஹிவளை, வெள்ளவத்தைக் கடற்காற்றில் உப்பு இருக்கிறது. மெஷினை மூடி வையுங்கள், ஊசித்தண்டில் மாதம் ஒரு துளி எண்ணெய் விடுங்கள்.

கடலோரம் (தெஹிவளை)

நன்றி பாஸ், இன்றைக்கே செய்கிறேன். ஆனால் விலை விஷயத்தை விட்டுவிட்டீர்கள். 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து சில மாதத்தில் 350ஐத் தாண்டியபோது கடைக்காரர்கள் பழைய சரக்குக்கும் புது விலை ஒட்டினார்கள். நான் கண்ணால் பார்த்தேன். ஒன்லைனில் பத்துப் பேரின் விலை ஒரே திரையில் தெரியும். யார் கூட விற்கிறார், யார் குறைய விற்கிறார் என்று பிள்ளைக்கும் தெரியும். புறக்கோட்டையில் ஒரு பெண் தனியாகப் போய்க் கேட்டால் ஒரு விலை, கூட ஓர் ஆண் போனால் ஒரு விலை. சிங்களம் சரளமாக வராவிட்டால் இன்னொரு விலை. இதை எத்தனை தடவை அனுபவித்திருக்கிறேன். வெள்ளைத்துணி போன்ற பெண்களுக்கு எல்லோருக்கும் ஒரே விலை என்பதே பெரிய மரியாதை.

பழைய டெய்லர் (புறக்கோட்டை)

அக்கா, ஆளைப் பார்த்து விலை சொல்வது நடக்கிறது, மறுக்க மாட்டேன். அது வெட்கக்கேடு. அதற்காகத்தான் விலையை எழுத்தில் கேளுங்கள் என்று எல்லோருக்கும் சொல்கிறேன். பில் கேட்டால் கொடுத்தே ஆக வேண்டும். 2003ஆம் ஆண்டின் நுகர்வோர் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. கொடுக்காவிட்டால் 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்து நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையிடம் முறையிடலாம்.

ஆனால் கடை விலை கூட என்பதற்குக் கொள்ளை மட்டும் காரணமில்லை. கடை வாடகை, வேலையாள் சம்பளம், 2024 ஜனவரி முதல் 18 வீதமான வற் வரி எல்லாம் அந்த விலைக்குள் இருக்கிறது. வீட்டு அறையிலிருந்து விற்கிறவருக்கு இவற்றில் பல கிடையாது. அவர் குறைத்துத்தான் கொடுப்பார். நாளைக்கு அவர் அந்த வியாபாரத்தை விட்டுவிட்டு வேறு வேலைக்குப் போனால் உங்கள் வொரண்டி அட்டை வெறும் காகிதம். கடை நாளைக்கும் அதே இடத்தில் இருக்கும். சிங்கர் இந்த நாட்டுக்கு வந்தது 1877இல். கைமாறி, 2017இல் ஹேலீஸ் கம்பனி வாங்கி, இன்றைக்கும் கிளை இருக்கிறது, சாமானும் இருக்கிறது. என் தாத்தா வாங்கின மெஷினுக்கு நான் பொபின் கேஸ் வாங்கியிருக்கிறேன். ஒரு மெஷினை மூன்று தலைமுறை வைத்திருக்க முடிந்தது அதனால்தான்.

கடலோரம் (தெஹிவளை)

மூன்று தலைமுறை நின்றது அந்த இரும்பால், ஐயா. இன்றைக்கு அதே கடையில் விற்பதும் பிளாஸ்டிக் பல்சக்கரம்தான்.

அப்புறம் இன்னொன்று. பெரிய கம்பனிகளே இப்போது தங்கள் சொந்த இணையத்தளத்தில் விற்கின்றன. அதே வொரண்டி, அதே சேர்விஸ். அதை ஒன்லைன் என்பீர்களா, கடை என்பீர்களா?

பழைய டெய்லர் (புறக்கோட்டை)

முதலாவதற்கு என்னிடம் பதில் இல்லை. நீங்கள் சொல்வது உண்மை. இரண்டாவது, அதைக் கடை என்பேன். பிரச்சினை வந்தால் போய் நிற்க ஒரு கதவு இருக்கிறது.

வெள்ளைத்துணி (கொட்டாஞ்சேனை)

இவ்வளவு விஷயம் இருக்கிறது என்று நினைக்கவே இல்லை. நான் பார்த்த 62,900 விலையைத் திரும்பப் போய்ப் பார்த்தேன். விற்பவர் கம்பனி இல்லை, தனி ஆள். வொரண்டி என்ற இடத்தில் "விற்பனையாளர் வொரண்டி, 6 மாதம்" என்று இருக்கிறது. கடையில் சொன்னது 2 வருடம், கம்பனி வொரண்டி. இது முதலில் என் கண்ணில் படவே இல்லை.

இன்னொரு கேள்வி. பக்கத்து வீட்டு அன்ரி முன்பு கட்டுநாயக்க கார்மெண்டில் வேலை செய்தவர். "வீட்டு மெஷின் எல்லாம் வீண் செலவு, கார்மெண்டில் பாவித்த ஜூக்கி மெஷின் ஒன்று எடு, சாகும்வரை ஓடும்" என்கிறார். அது சரிவருமா?

மருதானை பாஸ் (மருதானை)

அன்ரி சொல்வதில் பிழையில்லை, அவருடைய கை அதில் பழகியது. ஜூக்கியின் டிடிஎல் 8700 மாதிரி மெஷின் நிமிடத்துக்கு 5,500 தையல் வரை போகும். வீட்டு மெஷின் அதில் ஐந்தில் ஒரு பங்கைத் தொட்டாலே பெரிது. ஆனால் அது நேர்த்தையல் மட்டும். சிக்சாக் கிடையாது, பொத்தான் துளை கிடையாது. ஊசியும் வேறு, வட்டத் தண்டு, வீட்டு மெஷின் ஊசி அதில் ஏறாது. நாலடி மேசை வேண்டும். பழைய கிளச் மோட்டர் என்றால் நீங்கள் தைக்காமல் இருக்கும்போதும் சுற்றிக்கொண்டே இருக்கும், கரண்டும் போகும், இரைச்சலும் கேட்கும். மாடி வீடு என்றால் கீழ்வீட்டார் மேலே வருவார்கள். வாங்குவதானால் சர்வோ மோட்டர் போட்டதாக எடுங்கள், மிதித்தால் மட்டும்தான் சுற்றும்.

அதை மட்டும் ஒன்லைனில் எடுக்கவே கூடாது. கார்மெண்டில் பல வருடம் இரவு பகலாக ஓடினதைக் கழுவி, பெயின்ட் அடித்து விற்கிறார்கள். ஓட்டிப் பார்த்து, வீலைப் பிடித்து ஆட்டி, எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று தெரிந்த ஒருவருடன் போய்த்தான் வாங்க வேண்டும்.

மூன்று பிள்ளைகளின் உம்மா (தெமட்டகொடை)

தங்கச்சி, நான் இப்போது ஜூக்கியில்தான் தைக்கிறேன். அபாயாவுக்கு நீளத் தையல், அதனால் எனக்குச் சரி. நீங்கள் பிளவுஸும் சீருடையும் என்றால் சிக்சாக் மெஷினில் தொடங்குங்கள். துணி ஓரம் பிரியாமல் இருக்க அது வேண்டும். ஓடர் கூடினால் பிறகு யோசிக்கலாம். தவணைக்கு எடுத்தால் மாதம் எவ்வளவு என்று மட்டும் பார்க்காமல், மொத்தம் எவ்வளவு கட்டுகிறீர்கள் என்று கூட்டிப் பாருங்கள். நான் கூட்டிப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டேன்.

கடலோரம் (தெஹிவளை)

ஆறு மாத விற்பனையாளர் வொரண்டி என்றால் நானும் அதை எடுக்கச் சொல்ல மாட்டேன். நான் எடுத்தது கம்பனியின் சொந்தப் பக்கத்தில். ஆரம்பத்திலேயே அதைச் சொல்லாமல் விட்டது என் தவறு. ஆனாலும் கடைக்குப் போகுமுன் அந்தக் கம்பனியின் இணைய விலையை எடுத்துப் போனில் வைத்துக்கொள்ளுங்கள். கடையில் காட்டிக் கேளுங்கள், பலர் குறைப்பார்கள். ஒன்லைனிலேயே எடுப்பதாக இருந்தால் பெட்டி பிரிப்பதை ஆரம்பத்திலிருந்து வீடியோ எடுங்கள். வந்த அன்றே டெய்லர் ஐயா சொன்ன சோதனையை வீட்டில் செய்யுங்கள். திருப்பி அனுப்ப விடுகிற நாட்கள் கொஞ்சம்தான், ஒரு மாதம் பெட்டியோடு வைத்திருந்துவிட்டு அழக் கூடாது.

வெள்ளைத்துணி (கொட்டாஞ்சேனை)

போய் வந்துவிட்டேன். நடந்ததைச் சொல்கிறேன்.

அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். முதல் கடையில் பெட்டியைப் பிரிக்க மாட்டோம் என்றார்கள். இரண்டாவது கடையில் முதலாளி வயதானவர், தமிழில்தான் பேசினார். துணித்துண்டுகளை நான் பையிலிருந்து எடுத்ததும், "யாரிடமோ கேட்டுக்கொண்டு வந்திருக்கிறீர்கள்" என்று சிரித்துவிட்டு அவரே பெட்டியைப் பிரித்தார். சிவப்பு நூல், வெள்ளை நூல். முதலில் அடிப்பக்கம் சிவப்பு வளையமாகத்தான் வந்தது. நெஞ்சு திக்கென்றது. பாஸ் சொன்னது நினைவுக்கு வந்தது, பாதம் இறங்கியிருந்தபோது நூல் கோத்திருக்கிறார்கள். தூக்கிவிட்டு நானே திரும்பக் கோத்தேன். தையல் ஒழுங்காக விழுந்தது. ஜீன்ஸ் நான்கு மடிப்பில் மெதுவாக ஏறிப் போனது. பொபின் கிளாஸ் 15. தகட்டில் 220 முதல் 240.

கம்பனியின் இணைய விலை 68,500 என்று போனில் காட்டினேன். 69,000க்குக் கொடுத்தார், பத்துப் பொபினும் 14ஆம் நம்பர் ஊசி ஒரு பெட்டியும் சேர்த்து. வொரண்டி அட்டையில் தொடர் இலக்கம், திகதி, முத்திரை எல்லாம் அங்கேயே நிரப்பி வாங்கினேன். ஓட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வந்தோம், அம்மா வழிமுழுக்கப் பெட்டியிலிருந்து கையை எடுக்கவில்லை.

கணவருக்கு இன்னும் 6,100 ரூபாய் கூடக் கொடுத்துவிட்டோம் என்ற மனக்குறை இருக்கிறது. நேற்று இரவு மகனின் களிசானை முடித்தேன். பாஸ், பொத்தான் துளைக்கு மட்டும் துணி ஒரே இடத்தில் நின்று நூல் குவிகிறது. என்ன செய்யலாம்?

மருதானை பாஸ் (மருதானை)

அடியில் ஒரு மெல்லிய கடதாசி வைத்துத் தையுங்கள், பிறகு கிழித்து எடுத்துவிடலாம். ஊசியை 11க்கு மாற்றுங்கள். வெள்ளைத் துணிக்கு 14 கொஞ்சம் தடிப்பு. அப்படியும் நின்றால் பாதத்தின் அடிப்பக்கத்தைப் படம் எடுத்துப் போடுங்கள், பார்க்கிறேன்.